பெல்லந்தூர் ஏரி யாருடைய கவலை?

பெங்களூரில் ஏரி தீப்பற்றி எரிந்தது என்ற செய்தி 2015ஆம் ஆண்டு மே மாதம் நாடெங்கும் பேசப்பட்டது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் அதே பெல்லந்தூர் ஏரியில் மீண்டும் தீ எழுந்தது. மூன்றாம் முறை தீயை அணைக்க ராணுவ வீரர்களும் வரவேண்டியதாயிற்று.

ஆனால் இந்த ஏரியைப் பற்றிய பேச்செல்லாம் அதன் கரையிலுள்ள அடுக்குமாடி வீடுகளோடு நின்றுவிடுகிறது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வாழும் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று கேட்போர் உண்டு. நீர் ஓடும் வழியைப் பார்த்தால் சம்பந்தம் தெரியும்.

பெங்களூர் மேட்டு நிலத்தில் அமைந்த நகரம். பெரிய ஆறு எதுவும் ஊருக்குள் இல்லை. ஆகவே முன்னோர்கள் மழைநீரைத் தேக்கப் பள்ளந்தோறும் ஏரிகளை அமைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் அடுத்த ஏரிக்கு இறங்கும். அல்சூர் ஏரியின் உபரிநீரும், மடிவாளா, அகரம் ஏரிகளின் நீரும், கே.ஆர். மார்க்கெட் பக்கத்து வடிகாலும் வந்து சேரும் தாழ்வான இடம்தான் பெல்லந்தூர். சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரிக்கு ஏறத்தாழ 150 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பிலிருந்து நீர் வருகிறது. பரப்பில் பெரியது, ஆழத்தில் சிறியது.

ஆழமில்லாத ஏரிக்குக் கோடைதான் மருந்து. அன்று நீர் வற்றியதும் உழவர்கள் வண்டல் மண்ணை அள்ளி வயலுக்குக் கொண்டு போவார்கள். வயலுக்கு உரம் கிடைத்தது; ஏரி தூர்ந்து போகாமல் பிழைத்தது.

1974இல் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம் நிறைவேறியபின் நகரத்தின் கவனம் ஏரிகளை விட்டு அகன்றது. தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரப்படும் நீர், வீடுகளில் பயன்பட்டுச் சாக்கடையாகி, பெருமளவு பெல்லந்தூருக்கு இறங்கியது. ஆண்டு முழுவதும் கழிவு வந்துகொண்டிருந்ததால் ஏரி வற்றவே இல்லை. வற்றாத ஏரியில் வண்டல் அள்ளுவது எப்படி?

கழிவிலுள்ள சத்தை உண்டு ஆகாயத்தாமரை தழைக்கிறது. அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் சாகின்றன. அடிச்சேற்றில் எரியக்கூடிய மீத்தேன் வாயு உண்டாகிறது. மேலே காய்ந்த புல், கீழே வாயு. ஒரு தீப்பொறி போதும். சோப்புத் தூள் கலந்த நீரோ கலங்கலில் விழுந்து கலங்கும்போது வெண்ணுரையாய்ப் பொங்கித் தெருவுக்கு வருகிறது.

இங்கே தங்கிவிட்டால் இது பெங்களூரின் கவலை மட்டுமே. ஆனால் பெல்லந்தூரை விட்ட நீர் வர்த்தூர் ஏரிக்குச் செல்கிறது; அங்கிருந்து தட்சிண பினாகினியில் கலக்கிறது. அந்த ஆற்றுக்குத்தான் தமிழ்நாட்டில் தென்பெண்ணை என்று பெயர். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை மிதக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. அதற்கும் கீழே கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர்க் கடல். காவிரியில் எடுத்த நீரின் ஒரு பங்கு இப்படிச் சாக்கடையாகித் தென்பெண்ணை வழியே தமிழகம் வந்து சேர்கிறது! அல்சூரில் துணி துவைத்த தண்ணீர், சொந்த ஊரில் அண்ணன் தம்பிகள் பாய்ச்சும் வயலுக்கே போகக்கூடும். ஆற்றோரத்துக் கன்னட உழவருக்கும் இதே துன்பம்தான். இதில் மொழிப் பிணக்குக்கு இடமே இல்லை.

எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. ஏரிகளைக் காக்க லட்சுமண ராவ் தலைமையில் அமைந்த குழு 1986லேயே அறிக்கை தந்தது. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் விதித்தது. அதன்பின் தூர்வாரும் வேலை தொடங்கியது. காலக்கெடு பலமுறை தள்ளிப்போயிற்று. இதற்கிடையே 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர் வட்டாரமே மூழ்கியது. தர்மாம்புதி ஏரியை மெஜஸ்டிக் பஸ் நிலையமாக்கிய ஊர், மழைநீருக்கு வழிவிட மறந்துவிட்டது.

தூர்வாரினால் மட்டும் போதுமா? மேலிருந்து சாக்கடை வரும்வரை ஏரி மறுபடியும் தூரும். நோய் ஏரியில் இல்லை; கால்வாயில் இருக்கிறது. ஒவ்வொரு கால்வாயிலும் கழிவைத் தடுத்துச் சுத்திகரித்த பின்பே நீரை ஏரிக்கு விடவேண்டும். சுத்திகரித்த நீர் 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்குச் செல்கிறது. அதன் தரம் பற்றிக் கேள்விகள் எழுந்தபோதிலும், வழி இருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்றுவது என்றதும் அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுவது கால்வாய் ஓரத்துக் குடிசைதான். கூலி வேலைக்கு வந்தவர்களின் குடிசையை இடிப்பது எளிது. கால்வாயை வளைத்துக் கட்டிய மாளிகையைத் தொடுவது கடினம். குடிசைவாசிக்கு மாற்று இடம் கொடுத்து, மாளிகையிலிருந்து வேலையைத் தொடங்குவதே நியாயம்.

எந்தக் கால்வாயில் எவ்வளவு கழிவு வருகிறது, எவ்வளவு சுத்திகரிக்கப்படுகிறது என்ற கணக்கை அரசு மாதந்தோறும் மக்கள் முன் வைக்கட்டும். கன்னடத்திலும் தமிழிலும் அது வெளிவரட்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை ஏரிக்கரை மாடிவீட்டாருக்கு மட்டுமல்ல, அல்சூர்த் தொழிலாளிக்கும் கிருஷ்ணகிரி உழவருக்கும் உண்டு.