‘அடிமை’ என்றே சொன்னால் என்ன?

“பெயரை மாற்றினால் நோய் மாறிவிடுமா? போதைக்கு அடிமையானவனை அடிமை என்றுதானே சொல்ல வேண்டும்?” தில்லியில் போதை சிகிச்சை பற்றிப் பேச்சு எழுந்தாலே இந்த வாதம் வந்துவிடுகிறது. நம் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை.

சொல் எதையும் மாற்றாது என்பது உண்மையல்ல. 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஜான் கெல்லி குழுவினர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிகிச்சை வல்லுநர்களிடம் ஒரே ஆளின் விவரத்தைக் கொடுத்தார்கள். பாதிப்பேருக்கு அவர் ‘போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்’; மற்றவர்களுக்கு ‘பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’. முதல் பெயரைப் படித்தவர்களே அவர்மீது கூடுதலாகப் பழி போட்டார்கள், தண்டிக்கவும் சாய்ந்தார்கள். வல்லுநர்களுக்கே இந்தக் கதி.

மென்மையாகப் பேசினால் குற்றவாளி தப்பிவிடுவான் என்கிறார்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவோ, தானாக முன்வந்து சிகிச்சை பெறுகிறவருக்கு, சிறிய அளவு தொடர்பான வழக்குகளிலிருந்து விலக்குத் தருகிறது. அவர் வர வேண்டும் என்பதே சட்டத்தின் விருப்பம். வசவைக் கேட்டு யார் வருவார்?

“தினமும் மருந்து தேவைப்பட்டால் அதுவும் அடிமைத்தனம்தானே?” உயிரைக் குடிக்கும் தவறு இதுதான். வலிக்கு மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளியின் உடல் சில வாரங்களில் அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வியர்த்து நடுங்கும். ஆனால் அவர் கெடுதல் தெரிந்தும் விடமுடியாமல் அதைத் தேடி அலைவதில்லை. உடல் சார்ந்திருப்பது வேறு, ஆசை ஆட்டிவைப்பது வேறு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1987இல் இரண்டாவதற்கும் ‘சார்பு’ என்றே பெயரிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் மருத்துவர்கள் வலிமருந்து தரவே தயங்கினார்கள். 2013இல் அந்தப் பெயர் கைவிடப்பட்டது.

எய்ம்ஸின் தேசிய போதை சிகிச்சை மையம் தில்லியை ஒட்டிய காசியாபாத்தில் இருக்கிறது. ஹெராயினை, தில்லித் தெருவின் ‘ஸ்மாக்’கை, விட முயல்கிறவர்களுக்கான சிகிச்சைகளில் ஒன்று, நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை. ஒழுங்காக எடுத்தால் ஏக்கமும் உடல் உபாதையும் அடங்கும், ஊசி ஓயும், வேலைக்குப் போகலாம். இதையும் ‘இன்னொரு போதை’ என்று ஏசி, வீட்டார் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தியவர்களில் பலர் ஹெராயினுக்கே திரும்புகிறார்கள். அதற்குள் உடலின் தாங்குசக்தி இறங்கியிருக்கும். முன்பு தாங்கிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும்.