ஐந்தாவது காலைக் காட்டு!

'கோபிபாட்' என்றதும் கோபிசெட்டிபாளையம் போகிற வழியில் ஏதோ ஒரு பஸ் ஸ்டாப் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு கடல் ஜந்து. இறால், நண்டு எல்லாம் அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் சொந்தக்காரர்கள் மாதிரி வளர்த்தி கிடையாது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு, மூன்று. ரவையோடு கலந்துவிட்டால், உப்புமா சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

"பி.காம். படித்துவிட்டு நல்லூரில் உட்கார்ந்திருக்கிற உனக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்? பக்கத்துக் கடலே பாலக்காட்டைத் தாண்டியல்லவா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் துணி! இந்த ஜந்துவின் சரித்திரத்தில் பாதி, துணியின் சரித்திரம். துணி என்று பேச்சு வந்த பிறகு திருப்பூர்க்காரன் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர்ப் பெயர் என்னாவது?

விஷயம் இதுதான். கடலில் நீரோட்டம் போன போக்கில் போகிற பொடி உயிர்களுக்கெல்லாம் சேர்த்து 1887-ல் விக்டர் ஹென்சன் என்ற ஜெர்மானியர் 'பிளாங்டன்' என்று பெயர் வைத்தார். இவற்றைப் பிடிக்க மீன் வலை உதவாது. ஒரு கண்ணில் ஓராயிரம் நழுவிவிடும். ஹென்சன் நேரே மாவு மில் சமாசாரத்துக்குப் போனார். மாவு சலிப்பதற்கென்றே நெய்த பட்டுத் துணி. கண்கள் எல்லாம் ஒரே அளவு, இழுத்தாலும் இழை நகராது. அதைப் புனல் மாதிரி தைத்துக் கடலில் இழுத்தார்கள்.

அதே மாவு சலிக்கிற பட்டைத்தான் வேறு சிலர் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேலே சாயத்தை ஊற்றி வழித்து, ஸ்கிரீன் பிரிண்டிங் என்றார்கள். இன்றைக்கு இரண்டு தொழிலிலும் பட்டு போய் நைலானும் பாலியெஸ்டரும் வந்தாயிற்று. ஆனாலும் எங்கள் பிரிண்டிங் பட்டறைக்காரரும் கடல் விஞ்ஞானியும் எதிரெதிரே உட்கார்ந்தால் முதல் கேள்வி ஒன்றேதான்: "மெஷ் எவ்வளவு?"

*

சரி, வலையில் விழுந்தாயிற்று. உடற்கூறைப் பார்ப்போம்.

முன்னுடல், பின்னுடல் என்று இரண்டு பாகம். நடுவே ஒரு மடிப்பு, அதை இடுப்பு என்று வைத்துக்கொள்வோம். தலையில் இரண்டு உணர்கொம்புகள். அதற்குக் கீழே இன்னொரு ஜோடி சின்னக் கொம்பு, தாடைகள், வாய்க்குச் சோறு தள்ளுகிற மயிர்க்கால்கள். மார்பில் நீந்துகிற கால்கள். ஒவ்வொரு ஜோடிக் காலும் நடுவில் ஒரு தகட்டால் இணைந்திருப்பதால், இரண்டும் துடுப்பு மாதிரி ஒன்றாக அடிக்கும். கிரேக்க மொழியில் 'துடுப்புக்கால்' என்பதுதான் கோபிபாட். பின்னால் இரட்டை வால், அதில் இறகு மாதிரி மயிர்கள். நெற்றிக்கு நடுவே ஒரே ஒரு கண். லின்னேயஸ் 1758-ல் இந்த மாதிரி ஜந்துக்களையெல்லாம் சேர்த்து 'மோனாக்குலஸ்' என்று எழுதி வைத்தார். தமிழில் சொன்னால் 'ஒத்தைக்கண்ணன்'. பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊர் டீக்கடைக்கும் ஸ்வீடன் பல்கலைக்கழகத்துக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை.

இதற்குச் செவுள் கிடையாது. உடம்புத் தோல் வழியாகவே மூச்சு. பலவற்றுக்கு இதயமே கிடையாது (அரசியல் ஜோக் வேண்டாம்). ஆனால் கொம்பில் தண்ணீரின் சின்ன அதிர்வு பட்டால் போதும், ஒரு விநாடிக்குத் தன் நீளத்தைப் போலச் சில நூறு மடங்கு என்ற வேகத்தில் எகிறிக் குதித்துத் தப்பிக்கும்.

கோபிபாட்களில் பெயர் வைத்தவை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். கடலில் மிதப்பவற்றில் முக்கியமான மூன்று குடும்பக் கூட்டங்களை நம் பனியன் பாஷையில் சொல்லிவிடலாம்.

காலனாய்டு: ஃபுல் ஹேண்ட். கொம்பு உடம்பு நீளத்துக்கே வரும். இடுப்பு இறக்கம், ஐந்தாவது காலுக்குப் பின்னால் இருக்கும்.

சைக்ளோபாய்டு: ஹாஃப் ஹேண்ட். இடுப்பு ஒரு கணு ஏற்றம், நாலாவது காலுக்கும் ஐந்தாவது காலுக்கும் நடுவே. பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் முட்டைப் பை, சந்தைக்குப் போய் வருகிறவள் மாதிரி.

ஹார்ப்பாக்டிகாய்டு: கிட்டத்தட்ட ஸ்லீவ்லெஸ். கொம்பு குட்டை. இடுப்பும் பெரும்பாலும் எடுப்பாகத் தெரியாது, நேர் கட்டிங். இவர்களில் அதிகம் பேர் தரையோடு வாழ்கிறவர்கள். மிதக்க வருகிறவர்கள் கொஞ்சம்தான்.

இதுவரை சுலபம். இனி, ஒரு காலனாய்டு கையில் கிடைத்தால் அது இன்னார்தான் என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் வருகிறது ஐந்தாவது கால். முதல் நாலு ஜோடிக் கால்களும் கம்பெனி யூனிஃபாரம் மாதிரி, பார்த்தால் எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கும். ஐந்தாவது ஜோடிதான் இனத்துக்கு இனம் மாறும். சில பெண்களுக்கு அது இருக்கவே இருக்காது. ஆண்களில் பல இனங்களுக்கு இடது ஒரு மாதிரி, வலது இன்னொரு மாதிரி, ஒன்றில் இடுக்கி. எதற்கு என்றால் கல்யாணத்துக்கு. பெண்ணைப் பிடித்துக்கொண்டு விந்துப் பொட்டலத்தை ஒட்டவைக்கிற கால் அதுதான். வேறு இனத்துப் பெண்ணுக்குப் பொருந்தாது. ஆக, அதன் ரேஷன் கார்டு, ஜாதகம், கைரேகை மூன்றும் அந்தக் காலிலேயே இருக்கிறது.

அந்தக் காலைப் பார்க்க மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு சொட்டுக் கிளிசரினில் ஜந்துவைக் கிடத்தி, இரண்டு கையிலும் மயிரிழை ஊசியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகக் கழற்ற வேண்டும். தும்மக் கூடாது. அப்புறம் காலில் எத்தனை கணு, கணுவில் எத்தனை முள், முள்ளுக்குப் பக்கத்தில் எத்தனை மயிர் என்று எண்ணிப் படம் வரைய வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு அது பெரியவராக ஆகாத பிஞ்சு என்று தெரியவந்தால் பெரும்பாலும் எல்லாம் வீண். முட்டையிலிருந்து வருவது 'நாப்ளியஸ்' என்ற குஞ்சு, அதில் ஆறு பருவம். பிறகு ஆறு பருவம். மொத்தம் 11 முறை சட்டை உரித்த பிறகே மேஜர். அந்த நாப்ளியஸ் அப்பா அம்மா ஜாடை துளிக்கூட இல்லாமல் இருக்கும். 18-ம் நூற்றாண்டில் ஓ.எஃப்.முல்லர் என்ற டென்மார்க்காரர் அதைத் தனி ஜந்து என்று நினைத்துத் தனிப் பேரினமாகவே பதிவு செய்தார்.

*

நம் கடலில் இந்த வேலை ஆரம்பித்தது முத்துக்காக. மன்னார் வளைகுடாவில் இலங்கைக் கரையோரம் 1891-க்குப் பிறகு முத்துக்குளிப்பு படுத்துவிட்டது. கஜானா கவலையில் இலங்கை அரசாங்கம் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்தது. 1902-ல் அவர் வந்து முத்துச்சிப்பியைத் தேடி வலை போட, கூடவே கோபிபாட்கள் ஏராளமாக வந்து விழுந்தன. அவற்றை ஐசக் தாம்சனும் ஆண்ட்ரூ ஸ்காட்டும் ஆராய்ந்து எழுதியது 1903-ல் ஹெர்ட்மன் அறிக்கையோடு வெளியானது. முத்து தேடப் போய் ரவை கிடைத்த கதை.

அடுத்து வந்தவர் சீமோர் செவெல். இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர். மன்னார் வளைகுடாவின் மேல்மட்டத்துக் கோபிபாட்களைப் பற்றி 1914-ல் எழுதினார். 'அகார்டியா சவுத்வெல்லி' என்று அவர் அப்போது பெயர் வைத்த ஜந்து இன்றைக்கும் அதே பெயரில்தான் இருக்கிறது. 1929-லும் 1932-லும் இந்தியக் கடல்களின் கோபிபாட்கள் பற்றிக் கல்கத்தா இந்தியன் மியூசியத்துக்காக அவர் எழுதியவை இரண்டு தலையணை கனம்.

பிறகு 1959 முதல் 1965 வரை சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வு நடந்தது. பல நாட்டுக் கப்பல்கள். எல்லாரும் ஒரே அளவு வலைதான் போட வேண்டும் என்று கட்டளை: வாய் ஒரு சதுர மீட்டர், கண் 0.33 மில்லிமீட்டர், 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே இழுக்க வேண்டும். காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். ஒரு இழுப்புக்கு 2,00,000 லிட்டர் தண்ணீர். எங்கள் ஊரில் ஓடுகிற 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் கிட்டத்தட்ட 17 லோடு! அதை வடிகட்டிக் கிடைத்த கஞ்சியெல்லாம் கொச்சிக்கு வந்து சேர்ந்தது. அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். நண்டுக்குஞ்சு ஒரு பக்கம், மீன்முட்டை ஒரு பக்கம், கோபிபாட் பல பக்கம்.

இந்தியக் கரையோரக் கோபிபாட்களை அடையாளம் காண கஸ்தூரிரங்கன் எழுதிய வழிகாட்டி நூல் 1963-ல் வந்தது. இந்த மாதிரி நூல்கள் தாலுகா ஆபீஸ் மாதிரி வேலை செய்யும். 'கொம்பு நீளமா? 5-க்குப் போ. குட்டையா? 9-க்குப் போ' என்று கவுன்ட்டர் கவுன்ட்டராக அனுப்பும். வித்தியாசம் என்னவென்றால், கடைசிக் கவுன்ட்டரில் நிஜமாகவே வேலை முடியும். 1973-ல் சரஸ்வதி என்ற நம் நாட்டு விஞ்ஞானி இந்தியப் பெருங்கடலிலிருந்து ஒரு புது இனத்தை விவரித்து, முன்னோடிக்கு மரியாதையாக 'காசியா செவெலி' என்று பெயர் வைத்தார்.

*

இத்தனையையும் நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்து பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி போட்டார்: "ஏனுங் தம்பி, அந்தப் பூச்சியோட அஞ்சாவது காலை எண்ணி ஆருக்குங் சோறு?"

நியாயமான கேள்வி. முதல் பதில், நமக்குத்தான். கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிகளைத் தின்று கோபிபாட் வளர்கிறது. கோபிபாடைத் தின்று மத்தியும் நெத்திலியும் வளர்கின்றன. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வறுக்கிற நெத்திலி, போன ஜென்மத்தில் கோபிபாட். எல்லா மீனுக்கும் எல்லாக் கோபிபாடும் ஒத்துவராது. மீன்குஞ்சின் வாய் சைஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே 'ஓய்த்தோனா ரிஜிடா' என்ற பொடி சைக்ளோபாய்டை மீன்குஞ்சுத் தீனிக்காக வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். எது ஓய்த்தோனா, எது வேறு என்று தெரியாதவர் வளர்க்க முடியுமா?

இரண்டாவது பதிலைச் சொன்னதும் அக்கா கையிலிருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

காலராக் கிருமி துணியில் நிற்காது, அவ்வளவு சின்னது. ஆனால் அது தண்ணீரில் தனியாகத் திரிவதைவிடக் கோபிபாட் மேல் சவாரி போவதை விரும்புகிறது. ஓட்டில் ஒட்டும், முட்டைப் பையில் அப்பும். ஒரே ஜந்து மேல் பத்தாயிரம் கிருமி வரை இருக்கலாம். கிருமி துணியில் நிற்காவிட்டால் என்ன, குதிரை நிற்குமே! ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் வங்கதேசத்து விஞ்ஞானிகளும் மட்லப் பகுதியில் 65 கிராமங்களில் சோதித்தார்கள். விறகுக்கே வழியில்லாத வீடுகள், தண்ணீரைக் காய்ச்சு என்று சொல்ல முடியாது. 'பழைய பருத்திப் புடவையை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்து, குடத்து வாயில் கட்டி வடிகட்டுங்கள்' என்றார்கள். காலரா 48 சதவீதம் குறைந்தது. 2003-ல் முடிவு வெளியானது.

புதுப் புடவையைவிடப் பழசுதான் நல்லது. துவைத்துத் துவைத்து நூல் பிசிறி, கண் சுருங்கியிருக்கும். கொஞ்சம் கிராமங்களுக்கு இதற்கென்றே நைலான் வலையும் கொடுத்துப் பார்த்தார்கள். புடவை அதற்குச் சளைக்கவில்லை. எக்ஸ்போர்ட் குவாலிட்டிக்குச் சமமாக நைந்த புடவை பாஸான இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நம் நாட்டுக் கதையும் உண்டு. குளத்திலும் கிணற்றிலும் வாழ்கிற ஒன்றுவிட்ட தம்பி 'சைக்ளோப்ஸ்'. அதன் வயிற்றில்தான் நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சு குடியிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து மூன்றடி நீளப் புழு காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. படிக்கிணறுகளை மாற்றி, தண்ணீருக்கு மருந்து போட்டு, குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தே ஒழித்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996 ஜூலையில், ராஜஸ்தான் ஜோத்பூர் மாவட்டத்தில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சர்டிபிகேட் கொடுத்தது.

யாரோ ஒருவர் ஊசியைப் பிடித்துக்கொண்டு இது இன்னது, அது வேறு, இதன் முட்டைப் பை இங்கே, அதன் சைஸ் இவ்வளவு என்று எழுதி வைத்ததால்தான், எந்தத் துணியை எத்தனை மடிப்பு மடிக்க வேண்டும் என்று இன்னொருவரால் சொல்ல முடிந்தது. எழுதியவர்களுக்குக் காலராவும் தெரியாது, புடவையும் தெரியாது. அவர்கள் பார்த்தது கால் மட்டும். இந்த வேலைக்குப் பெரிய சம்பளமும் இல்லை, பேப்பரில் போட்டோவும் இல்லை. அதனால் ஊசி பிடிக்க வருகிற பிள்ளைகளும் குறைவு. ஆனால் கடலில் ஒரு ஜந்து காணாமல் போனால், புகார் கொடுக்கவாவது அதன் பெயர் தெரிந்த ஒருவர் வேண்டுமே!

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பீஸை மறுபடி வெளிச்சத்தில் பிடித்து, எனக்குக் கடைசிவரை தெரியாத ஓர் ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம வேலையேதானுங் தம்பி. அவிய பூச்சியில பாக்கறாங்க."