யவனர் வந்தார்கள், சரி. நம்மவர் போகவில்லையா?



ரோமானிய வணிகம் என்றதும் பிள்ளைகள் மனதில் பதிவது ஒன்றுதான். யவனர் கப்பலில் வந்தார்கள், பொன்னைக் கொடுத்து மிளகை வாங்கிப் போனார்கள். நாம் கரையிலேயே நின்றோம். இது பாதிக் கதை என்பது என் கருத்து.

கி.மு. 31-ல் கிரேக்கக் கரையோரம் ஆக்டியம் என்ற இடத்தில் பெரிய கடற்போர் நடந்தது. ஆக்டேவியனின் கப்பற்படை, ஆண்டனி - கிளியோபாட்ரா படையை முறியடித்தது. அடுத்த ஆண்டே எகிப்தும் அதன் செங்கடல் துறைமுகங்களும் ரோமானியர் கைக்குப் போயின. அதன்பின் மையோஸ் ஹோர்மோஸ் என்ற ஒரே துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் புறப்பட்டன என்கிறார் ஸ்ட்ராபோ. கடற்கொள்ளையருக்கு அஞ்சி அவற்றில் வில்லாளிகளையும் ஏற்றினார்கள் என்கிறார் பிளினி.

அந்தத் துறையின் இன்றைய பெயர் குசேர் அல்-காதிம். அங்கே தோண்டியபோது சுமார் 2000 ஆண்டுப் பழைய பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதில் தமிழ்-பிராமி எழுத்து. 'பானை ஒறி' என்று படித்துச் சொன்னார் ஐராவதம் மகாதேவன். ஒறி என்றால் வேறொன்றுமில்லை, நம் பாட்டி வீட்டில் மோர்ப்பானை தொங்குமே, அந்த உறிதான்!

பானை சரக்கோடு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். பக்கத்துத் துறையான பெரனிகேயில் இந்தியத் தாழி ஒன்றில் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது, அது சரக்குதான். ஆனால் உறிப்பானை விற்பனைச் சரக்கா? புழங்குகிற பாத்திரம். அதில் தமிழில் எழுதினால் படிக்க ஒரு தமிழர் பக்கத்தில் இருக்க வேண்டாமா? யவனருக்கு அந்த எழுத்து எதற்கு?

1025-ல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பியதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே, படையும் கொடியும் இல்லாமல், பானையோடு கடல் கடந்தவர்களுக்குப் பாடத்தில் எத்தனை வரி? மன்னர் பெயரோடு மாலுமியும் சமையற்காரரும் வணிகரும் பாடத்தில் வர வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் இருக்கின்றன. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களும் கப்பலில் வேலை பார்க்கிறவர்களும் உங்களிலேயே இருப்பீர்கள். உங்கள் தொழிலுக்கும் பழைய வரலாறு உண்டு. வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த உறிப்பானையைப் பற்றிச் சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.