புளி போட்டுத் தேய்க்காதீங்க அண்ணாச்சி!

உடன்குடி என்றாலே கருப்பட்டிதான் ஞாபகம் வரும். தசரா சமயத்தில் மட்டும் இன்னொன்றும் சேர்ந்து வரும்: குலசை முத்தாரம்மனுக்கு வேஷம் கட்டிப் போகிற கூட்டம். காளி, குறவன், ராஜா, கூடவே காக்கி மாட்டிய போலீஸ். சட்டை மாறினால் ஆளே மாறிவிடுவான் என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய ராணுவச் சட்டைகளின் பட்டன்களைச் சேர்ப்பது தபால்தலை சேர்ப்பது மாதிரி ஒரு பொழுதுபோக்கு. அதில் தப்பே இல்லை. கையில் கிடைத்ததும் புளி போட்டுத் தேய்த்து மின்ன வைக்கிறார்களே, அதுதான் தப்பு. எங்கே கிடைத்தது என்று ஒரு வரி எழுதி வைக்காதது அதைவிடப் பெரிய தப்பு. கேட்டால், "பளபளன்னு இருந்தாத்தானே விலை போகும்?"

விலையாம் விலை! பட்டனில் ரெஜிமெண்ட் எண் இருக்கும். பின்பக்கம் செய்தவன் பெயர் இருக்கும். விக்டோரியா காலத்துக் கிரீடமும் 1901-க்குப் பிறகு வந்த ராஜாக்களின் கிரீடமும் ஒன்று போல் இருக்காது. தேய்க்கத் தேய்க்க மழுங்குவது இதெல்லாம்தான்.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "வெள்ளைக்காரன் பட்டன் நமக்கெதுக்கு, உருக்கித் தள்ளு" என்பார்கள். மெட்ராஸ் ராணுவத்தின் சட்டைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலானோர் யாராம்? நம்ம ஆட்கள்தானே! நெற்றியில் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகைதான் கட்டணும் என்று உத்தரவு போட்டதில்தான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையே பற்றி எரிந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். மூன்று பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. உடுப்பைச் சின்ன விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பாஞ்சாலங்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799-லும் 1801-லும் கம்பெனிப் படை வந்து மோதிய மண். அங்கே ஒரு பட்டன் கிடைத்தால், கிடைத்த இடம்தான் முக்கியம். படை எங்கே நின்றது என்று அது காட்டலாம். இடம் தெரியாமல் போனால் மிச்சம் பழைய பித்தளை எடைதான்.

சட்டமும் சும்மா இல்லை. நூறு வருஷம் தாண்டிய வரலாற்றுப் பொருளை 1972-ஆம் வருஷச் சட்டப்படி தனிஆள் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்குள் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1878-ஆம் வருஷச் சட்டம். "ஒரு பட்டனைத் தூக்கிக்கிட்டு கலெக்டர் ஆபீஸ் போனா சிரிப்பாங்களே" என்கிறார்கள். சிரிக்கட்டும். ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.