வெற்று அட்டையையும் கொண்டுவாருங்கள்

காய்ச்சலுற்ற குழந்தையை எண்ணூரிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ தூக்கிவரும் தாயிடம், “இதற்குமுன் என்ன மருந்து கொடுத்தீர்கள் அம்மா?” என்று கேட்கிறோம். “ஒன்றும் கொடுக்கவில்லை” என்பதே பலமுறை கிடைக்கும் விடை. தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிய நான்கு மாத்திரைகளையோ, அண்ணனுக்கு வாங்கி மீந்த மருந்தையோ சொன்னால் திட்டு விழுமே என்ற அச்சந்தான் காரணம். அந்த அச்சத்தை வளர்த்ததில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு என்பேன்.

மறைப்பதால் விளையும் கேடு பெரிது. குழந்தையின் இரத்தத்தில் எந்தக் கிருமி இருக்கிறது, அது எம்மருந்துக்கு அடங்கும் என்றறியக் கல்ச்சர் சோதனை செய்கிறோம். முடிவு வர 2, 3 நாள்கள் ஆகும். ஆன்டிபயாடிக் முன்பே உள்ளே சென்றிருந்தால் கிருமி சோதனைக் குப்பியில் வளராமற் போகலாம், உடலிலோ உயிரோடிருக்கும். பிறகு ஊகித்தே மருந்து தர நேர்கிறது. ஊகிக்கும்போது கை வலிய மருந்துக்கே போகும். அவற்றையும் வெல்லும் கிருமிகள் அவ்வாறே பெருகுகின்றன.

இது அயலூர்ச் செய்தியன்று. கடைசி நம்பிக்கையாக வைத்திருக்கும் கார்பாபெனெம் மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 பற்றி 2010ஆம் ஆண்டு லான்செட் தொற்றுநோய் இதழில் வெளிவந்த ஆய்வில், சென்னை மாதிரிகளில் மட்டும் அத்தகைய கிருமிகள் 44 காணப்பட்டன. 2011 முதல் 2014 வரை தில்லியின் மூன்று மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளிடம் கண்ட அசினெட்டோபாக்டர் கிருமிகளில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்கு அடங்காதவை.

2014 மார்ச் முதல் எச்1 பட்டியல் மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது; நோயாளியின் பெயரையும் பதிய வேண்டும். சட்டம் நன்று. ஆயினும் அனல்மின் நிலையப் புகையிலும் லாரிப் புழுதியிலும் வளரும் குழந்தை இருமும்போது, ஒருநாள் கூலியை இழந்து புறநோயாளிப் பிரிவில் காத்திருக்க இயலாத தாய் கடைக்குப் போவதை நான் குற்றமென்று சொல்லமாட்டேன். புகை இருமலுக்கும் வைரஸ் சளிக்கும் ஆன்டிபயாடிக் பயன்படாது என்பதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லாததே குற்றம்.

தொட்டிலருகே வரும் எவரிடமும், “கை கழுவினீர்களா?” என்று கேளுங்கள். மருத்துவரே சினந்தாலும் தவறு அவருடையதே.

அடுத்தமுறை வரும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டை, மருந்துப் புட்டி, பழைய சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுவாருங்கள். மருந்தின் பெயர் தெரியவில்லையா? வெற்று அட்டை போதும், நாங்கள் படித்துக்கொள்கிறோம்.