அட்டையில் தூங்கும் பணம்

சென்னை மெட்ரோவின் பழைய பயண அட்டைகளை இனி ரீசார்ஜ் செய்ய முடியாது. 2025 ஆகஸ்டு முதல் எல்லோரையும் சிங்காரச் சென்னை அட்டைக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். மாற்றம் நல்லதுதான், அதே அட்டை மாநகரப் பேருந்திலும் செல்லும். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய அட்டையின் மீதிப் பணம்தான் கேள்வி. 45 ரூபாய்க்காக யார் கவுன்டரில் போய் நிற்பார்கள்? இப்படி விடுபடும் சில்லறை ஒருவருக்கு அற்பம்; லட்சக்கணக்கான அட்டைகளில் சேர்ந்தால் அப்படியல்ல.

புதிய அட்டைகளுக்கும் இதே நிலை வரலாம். பொதுப் போக்குவரத்துக்கான முன்பண அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தியது. வாடிக்கையாளர் ஆவணங்கள் வாங்காமலே வழங்கலாம், 3,000 ரூபாய் வரை வைத்திருக்கலாம், காலாவதி கிடையாது. ஆனால் பணமாக எடுக்கவோ, திரும்பப் பெறவோ, வேறு கணக்குக்கு மாற்றவோ முடியாது. பெயரில்லாத அட்டையில் கறுப்புப் பணம் புகுந்துவிடும் என்ற அச்சம் புரிகிறது. அதற்காக ஊரைவிட்டே போகிற மாணவரின் 200 ரூபாயையும் முடக்க வேண்டுமா? லண்டனின் ஆய்ஸ்டர் அட்டையில் 10 பவுண்டு வரையிலான மீதியை ரயில் நிலைய இயந்திரத்திலேயே திரும்பப் பெறலாம்.

சிறு தொகைக்கு மட்டுமாவது ரிசர்வ் வங்கி விலக்கு தர வேண்டும். பழைய அட்டைகளில் மொத்தம் எவ்வளவு மீதி கிடக்கிறது என்பதை மெட்ரோ நிர்வாகம் வெளியிடட்டும்.