சிபாரிசுக் கடிதத்தில் என்ன எழுதுவது?

இங்கே திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பிள்ளைகள் வருவதுண்டு. 'கடின உழைப்பாளி, நல்ல ஒழுக்கம்' என்று எழுதிக் கொடுப்பார்கள். பெயரை மாற்றினால் அதே கடிதம் யாருக்கும் பொருந்தும்!

எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத ராமானுஜனுக்கு, 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த கடிதம் சில வரிகள்தான். ஆனால் கணிதத்தில் அபூர்வத் திறமை, கணக்குப் போடுவதில் வேகம் என்று குறிப்பாகச் சொன்னது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

மார்க் ஷீட் சொல்லாததைச் சொல்லத்தானே கடிதம்? அந்தப் பிள்ளை செய்ததில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். அப்படி எதுவும் தெரியாதென்றால், 'வேறு யாரையாவது கேளப்பா' என்று சொல்லிவிடுவதே உபகாரம்.